விமலராணி எழுதிய எட்டாம் வகுப்புச் சோதனை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் பெற்ற விமலராணி, முப்பத்துநான்காம் வயதில் இத்தாலியின் பலெர்மோ நகரில் எட்டாம் வகுப்புச் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவளுடைய பட்டத்தை அங்கே ஒருவரும் சட்டை செய்யவில்லை. முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேருவதென்றால் முதலில் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

அவள் தங்கி வேலை செய்த வீடு நாலாம் மாடியில். லிப்ட் வீட்டுக்காரர்களுக்கு, அவளைப் போன்ற 'கறுப்பி'களுக்குப் பின்பக்கப் படிக்கட்டு. சாப்பிடத் தனித் தட்டு, தனிக் கரண்டி. மாலை வகுப்புக்குப் போவதை, கோயிலில் செபமாலை என்று வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்றைந்து யூனில் சோதனை நாள் வந்தது. அதே புதன்கிழமை சிஞ்ஞோரா மொண்டெல்லோ கடற்கரை வீட்டில் விருந்து வைத்திருந்தாள். இனி மறைக்க வழியில்லாமல் விமலராணி உண்மையைச் சொன்னாள்.

சிஞ்ஞோரா சிரித்தாள். "உனக்கு எதற்குப் பள்ளிக்கூடம்? போனால் திரும்பி வராதே. நீ இங்கே தங்குவதற்கான பெர்மெசோ என் கையெழுத்தில்தான் நிற்கிறது. மறந்துவிடாதே."

கீழ்மாடியில் வேலை செய்த மன்னார்க்காரி மொனிகா படிக்கட்டில் அவளை மறித்தாள்.

"விசரே உனக்கு? பெர்மெசோ போனா பிடிச்சு ஊருக்கு ஏத்திவிடுவாங்கள். சோதினை அடுத்த வருசமும் வரும்தானே."

"அடுத்த வருசமும் சிஞ்ஞோரா மொண்டெல்லோவுக்குத்தான் போவா, மொனிகா."

சொல்லிவிட்டாளே தவிர, புதன் காலையில் பஸ்ஸில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். சோதனைத் தாளில் பின்னங்களைக் கூட்டும் கணக்கு. ஊரில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எத்தனை தரம் போட்டுக் காட்டியிருப்பாள்! அன்றைக்கு மூன்று தரம் பிழைத்தது. நாலாம் தரம் சரிவந்தது.

மத்தியானம் திரும்பியபோது வாயிற்காவலர் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய சூட்கேசை நீட்டினார்.

மொனிகாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் அறையில் பதினொரு நாள் கிடந்தாள். பொலிஸ் சீருடை கண்ட இடத்தில் தெருவை மாற்றினாள். தேறிவிட்டதாக முடிவு வந்தபோதுகூடச் சந்தோசம் வரவில்லை. சான்றிதழ் கொடுத்த மாலை வகுப்பு ஆசிரியை, "ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கிறாய்?" என்று கேட்டாள். விமலராணி நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டாள். "கையெழுத்தா? யார் சொன்னது?" என்ற ஆசிரியை அவளைத் தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே சட்டத்தை அவளே அகராதியோடு வாசித்தாள். வேலை போனவர் வேலை தேடுவோர் பட்டியலில் பதிந்துகொள்ளலாம். வேலை போனதற்காக பெர்மெசோ பறிபோகாது. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். நாலு வருடமாக, இல்லாத ஒரு கயிற்றில் கட்டுண்டு கிடந்திருக்கிறாள்! கோபத்தில் எழுத்துகள் மங்கின.

பயிற்சி முடித்து முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. வாடகை அறை தேடியபோது ஏழு வீட்டில் அவள் நிறத்தைக் கண்டதும், "கொடுத்தாயிற்று" என்றார்கள். எட்டாவது வீடு நகரின் கால்சாப் பகுதியில் கிடைத்தது. அழைப்பு மணியில் தன் பெயரை முழுதாக எழுதி ஒட்டினாள். வாயில் நுழையவில்லை, சுருக்கு என்றார் வீட்டுக்காரர். அவள் சுருக்கவில்லை.

ஆனாலும் வாசலில் காலடி கேட்டால், நெடுநாள்வரை, அவள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.