அம்மா சொன்ன நாலாவது நாவல்

என் அம்மா மாதத்துக்கு நாலு நாவல் படிப்பாள். ஆனால் அவள் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததே இல்லை. பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் கம்பெனி வேனில், ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் புத்தகத்தைப் பிளந்து வைத்தபடி நின்றே படிப்பாள். தண்ணீர் லாரி வரிசையில் குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டே படிப்பாள். உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பக்கம், கஞ்சி வடியும் நேரத்தில் ரெண்டு பக்கம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு நான் திருப்பூர், ஓசூர், சூரத் என்று பல ஊர்களில் வேலை செய்துவிட்டேன். ரயிலிலும் ஹாஸ்டலிலும் படிக்கிற மனிதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. நேரத்தை அம்மா மாதிரி கிள்ளிக் கிள்ளி எடுத்துப் படித்தவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

புத்தகங்கள் ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து வரும். எல்லாம் சின்ன அளவு மாத நாவல்கள். அட்டையில் ஒரு பெண்ணின் முகம் இருக்கும். அவளுக்குப் பின்னால் கத்தியோ காரோ கல்யாண மாலையோ. படித்ததைக் கொடுத்துவிட்டு வேறு நாலு எடுத்து வருவாள்.

அவளுக்கு ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை மேசையில் போட்டு, காலர், கை, பட்டன் பட்டி, அடிமடிப்பு என்று விரலை ஓட்டுவாள். தையல் பிசகிய இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். குறையில்லாத சட்டை பாஸ். பிரித்துத் தைத்தால் தேறக்கூடியது ஆல்டர். எதற்கும் தேறாதது ரிஜெக்ட். மிச்சமான ஸ்டிக்கர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் கணக்கு நோட்டில் நிறைய ஒட்டியிருக்கிறாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர் மேல் ஒட்ட ஆரம்பித்தால் ஸ்டிக்கர் பத்தாது என்பாள். நாவல்களிலும் அங்கங்கே சிவப்பு அம்பு நிற்கும். விட்ட இடம் தெரிவதற்காக ஒட்டுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருந்தது ஆறு போர்ஷன் கொண்ட வீடு. மாதக்கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் எல்லாப் போர்ஷன் பெண்களும், வாடகை வாங்கும் வீட்டுக்கார அம்மாவும் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் நிழலுக்கு வந்துவிடுவார்கள். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கும் வேலை அவர்களுக்கு மூட்டையாக வரும். ஆளுக்கு ஒரு குவியல், ஒரு சின்னக் கத்தரி. அம்மாவின் குவியலை மட்டும் மற்றவர்கள் பங்கு போட்டு வெட்டிவிடுவார்கள். பதிலுக்கு அம்மா அந்த மாதம் படித்த நாவல்களைச் சொல்ல வேண்டும். அம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்தது அந்த மதியங்களில்தான். சும்மா என்றும் சொல்ல முடியாது. அந்தக் கை கதவைத் திறக்கும், துப்பாக்கியை நீட்டும், மாப்பிள்ளையின் மீசையை முறுக்கும். கத்தரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும்படி ஒரு வாக்கியத்தை நிறுத்த அவளுக்குத் தெரிந்திருந்தது. இவள்தான் காலையில் என் தலையில் எண்ணெயை அப்பிய அதே பெண்ணா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பத்து வயது நடந்த ஆண்டு, கடைசிப் போர்ஷனில் ஒரு அக்கா வந்து சேர்ந்தாள். கையில் மாவுக்கட்டோடு புருஷன் வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கட்டுப் பிரித்ததும் அம்மா அவளைத் தன் கம்பெனியிலேயே ஹெல்ப்பராகச் சேர்த்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து, ஒரு மாதக்கடைசி ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, புருஷனும் அவனுடைய பெரியப்பாவும் அவளைக் கூட்டிப்போக வருவதாகத் தகவல் வந்தது. அவன் திருந்திவிட்டானாம். அக்காவின் அண்ணி காலையிலேயே துணிப்பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். அக்கா போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாடிக்கு வந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கார அம்மா ஆரம்பித்தார். “போய் ஒய்ங்கா குடும்பம் பண்ற வழியப் பாரு. எத்தினி நாளு அண்ணன் ஊட்ல குந்திகினு இருப்ப?”

அக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

“கத கேக்க வந்தீங்களா, பஞ்சாயத்து பண்ண வந்தீங்களா?” என்றாள் அம்மா. “இந்த மாசம் நாலு. மொதல்ல ரிஜெக்ட்டு.”

எப்போதும் அப்படித்தான், சிரிப்பதற்காக ரிஜெக்ட் முதலில் வரும். அதில் கதாநாயகி ஒன்பது தடவை மயக்கம் போட்டு விழுந்தாளாம்.

“அவ சோறு துண்றாளா இல்லியா?” என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

“அவளத் தாங்கித் தாங்கிப் பிடிச்சி ஹீரோவுக்கு இடுப்பு போயிடுது. அதான் மொத்தக் கதையும்.”

அக்கா கூட லேசாகச் சிரித்தாள். அடுத்தது டாக்டரின் செருப்பை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கும் கதை, பாஸ். மூன்றாவதும் பாஸ். நாலாவதை எடுக்கும்போது அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். சம்மணத்தை மாற்றி, வெட்டுகிற துணியைப் பார்க்கிற மாதிரி அக்காவின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

அடி தாங்காமல் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்தியின் கதை அது. அவள் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். மை பட்ட விரலோடு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். ஒரு நாள் காலையில் வாசலில் புருஷன் வந்து நிற்கிறான். கத்தரிகள் நின்றன.

“அவ ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிங்கன்னா. குடிச்சான். எனக்கு வேலைக்கு நேரமாயிடுச்சு, சொம்ப அப்டி வெச்சிட்டுப் போங்கன்னா. புள்ளயத் தூக்கி இடுப்புல வெச்சிகினு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா. திரும்பிப் பாக்கல.” அம்மாவின் கை, இடுப்பில் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு நின்றது. “அவ்ளோதான் கத.”

அக்கா கத்தரியை மடியில் வைத்துவிட்டாள்.

நான் குறுக்கிட்டேன். ஏனென்றால் அந்த மாதம்தான், சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு நாவலைப் படித்து முடித்திருந்தேன். அது இந்த நாவல். படிக்க மூன்று நாள் ஆயிற்று. ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தேன்.

“இல்லம்மா. அவ அவன்கூட ஊட்டுக்குப் போயிடுவா. நீ தப்பா சொல்ற.”

“உனக்கு இன்னா தெரியும்? போய் தண்ணி எடுத்துனு வா.”

தண்ணீர் எடுக்கப் போனவள் புத்தகத்தையும் எடுத்துவந்தேன். கடைசிப் பக்கத்தில், நான் படித்தபோது இல்லாத இரண்டு சிவப்பு அம்புகள் எழுத்தை மறைத்துக்கொண்டு இருந்தன. பிய்த்துப் போட்டேன். பள்ளியில் காலை வணக்கத்தின்போது செய்தி வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். புருஷன் கண்ணீர் விடுகிறான். அவள் அவன் காலில் விழுகிறாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்துகிறான். மூன்று பேரும் ஒரே குடையில் நடக்கிறார்கள். முற்றும்.

“பாத்தியா!” வீட்டுக்கார அம்மா கையைத் தட்டினார். “புக்குலயே போட்டுக்கீது. இன்னாமே நீ, இத்தினி நாளா எங்களுக்கு உல்டா கதயா சொல்லிகினு இருந்த?”

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவள். தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டு ஜெயித்தவள். அன்று என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை.

“ஆமா. ஓவர்டைமு. தூக்கத்துல படிச்சிருப்பேன், மாறிப்போச்சு” என்றாள். மற்றவர்கள் பங்கு போட்டிருந்த தன் குவியலை இழுத்து, ஒரு கத்தரியை எடுத்து, தானே வெட்ட ஆரம்பித்தாள்.

அப்போது அக்கா என்னைக் கூப்பிட்டாள். “கண்ணு, அப்பறம் இன்னா?”

“முற்றும்னு போட்டுக்கீதுக்கா.”

“அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. அட்ட தான்.”

அவள் புத்தகத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், பின் அட்டையில் இருந்த கூந்தல் தைல விளம்பரத்தைப் பார்த்தாள், மறுபடி திருப்பினாள்.

“கொடை புடிச்சிகினு ஊட்டுக்குப் போனாங்க, சரி. ராத்திரி சோத்துக்கு உக்காருவான் இல்ல? கொழம்புல உப்பு கொறச்சலாப் பூட்டா இன்னா பண்ணுவான்? அத்தப் போடல?”

“போடலக்கா.”

“அத்தப் போட்டாத்தான கத,” என்றாள். அக்கா புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் குவியலிலிருந்து ஒரு கை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெரியப்பா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். “இன்னாமா, எறங்கி வா. ஊட்டுக்காரன் வந்து நின்னுகினு கீறான் பாரு.”

அக்கா கைப்பிடிச் சுவரோரம் போனாள். ஒரு கையைச் சுவர்மேல் ஊன்றிக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டிருந்த கை அது.

“காலைல எனுக்கு வேல கீது மாமா. ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்துடும்.”

“வேலயா? யாரக் கேட்டு?”

“பாத்தியா பெரிப்பா,” என்றான் புருஷன். “நாலு காசு சம்பாரிக்கிற திமிரு.”

அதன் பிறகு அவன் சொன்னவற்றை எழுத வேண்டாம். திருந்தியவன் என்று சொல்லப்பட்டவனின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைகள் தெரு முழுக்கக் கேட்டன. வீட்டுக்கார அம்மாவே எழுந்து போய், “மரியாத, மரியாத! இது குடும்பம் இருக்கற ஊடு!” என்று மேலேயிருந்து கத்தினார். பெரியப்பா அவனை இழுத்து ஆட்டோவில் ஏற்றினார்.

அண்ணி கதவோரம் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அக்கா ஐந்து மாதம் எங்களோடு இருந்தாள். அப்பா வந்த நாட்களில் வண்டியிலேயே படுத்துக்கொண்டார். அப்புறம் அவள் எஸ்டேட் பக்கமே மூன்று பெண்களோடு சேர்ந்து அறை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா அந்தப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, “ஒரு எழுத்து தப்பில்லாம வாசிச்ச” என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கால் புரியவில்லை. பெரியவர்கள் கூட்டத்தில் அம்மாவின் பிழையைப் பிடித்தவள் நான்.

அந்தப் பொறுப்பை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவள் கொண்டுவரும் நாலு நாவல்களையும் அவளுக்குத் தெரியாமல் கடைசி அத்தியாயமாவது படித்துவிட்டு மாடிக்குப் போனேன். அவள் சொல்லச் சொல்ல மனதுக்குள் ஒத்துப் பார்த்தேன். இரண்டு வருடம் அப்படிப் பார்த்தேன். ரிஜெக்ட் ஆனாலும் பாஸ் ஆனாலும், முடிவை அச்சில் இருந்தபடியே சொன்னாள். ஒரு இடத்தில்கூட அவள் தவறவில்லை.

பாவம், அந்த ஒரு மாதம் ஓவர்டைம் அதிகம்தான் என்று எண்ணி, நான் அவளை மன்னித்துவிட்டேன்.