பாஸ் கிடச்சிட்டு

ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டருக்கு ஒரு இங்கிலிஷ் சொல் அகப்பட்டால் போதும், சோறு தண்ணி தேவையில்லை. வெள்ளவத்தையில் ஷரீபின் லொட்ஜில் மேல்மாடி அறை ஒன்று, பக்கத்து ஒழுங்கையில் ஒரு ரியூஷன் வகுப்பு, அவ்வளவுதான் அவருடைய உலகம். வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கும் இளசுகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்தார். படிப்பித்தாரா, கூத்தாடினாரா என்று கேட்டால் இரண்டும்தான்.

அன்று காலை அகப்பட்டது ‘பாஸ்’.

“லத்தீனில ‘பசுஸ்’ எண்டால் ஒரு எட்டு, காலடி! எல்லாம் அதிலயிருந்துதான். மலைக்கு நடுவால போற கணவாய் பாஸ். சோதினையைத் தாண்டினால் பாஸ். பந்தைத் தட்டிவிட்டால் பாஸ். ஆள் செத்தாலும் பாஸ்தான்!” கையிலிருந்த சோக்குத் துண்டு உடைந்து பறந்தது.

“அப்ப வீடு கட்டுற மேசன் பாஸ், சேர்?” என்று பின்வரிசை வாங்கில் இருந்து மேபல் சீண்டினாள்.

மாஸ்டர் துள்ளினார். “அது வேற சாதி, பிள்ளை! ஒல்லாந்தன்ர சொல்லு. அவனுக்கு அது எசமான். சிங்களத்தில மேசனும் தச்சனும். அமெரிக்கன்ர வாயில போய் ‘பொஸ்’ ஆகிட்டுது. இங்கிலிஷ் பாஸுக்கும் மேசன் பாஸுக்கும் சொன்னால் வித்தியாசம் கேக்கும், தமிழில எழுதினால் ரெண்டும் ஒண்டு!”

இன்னொரு பாஸும் இருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி வன்னியிலிருந்து வந்து வவுனியா முகாமில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தாள். ஆமிக்காரர் பாஸ் கொடுத்தால்தான் கொழும்புக்கு ரயில் ஏறலாம். கேட்கும் போதெல்லாம் இல்லை என்றே பதில் வந்தது. கிடைத்தால் உடனே போன் பண்ணச் சொல்லியிருந்தார். கோட்டை ஸ்ரேசனில் அவர் போய் நிற்கவேண்டும். சிங்களம் தெரியாத, கொழும்பில் பொலிஸ் பதிவில்லாத தமிழ்ப் பெண் பையோடு தனியே நின்றால் நேரே பொலிசுக்குத்தான் கொண்டுபோவார்கள்.

மத்தியானம் லொட்ஜுக்குத் திரும்பினால், போன் செய்திகளை எழுதிவைக்கும் கரும்பலகையில் ஷரீபின் கோழிக்கிண்டல் எழுத்து: ‘மாஸ்டருக்கு. பாஸ் கிடச்சிட்டு. இண்டக்கிப் பின்னேரம் வாராங்க.’

“அப்பாடா!” என்றார் மாஸ்டர். அறைக் கூரை ஒழுகுகிறது, மேசனைக் கூட்டி வா என்று ஷரீபை நச்சரித்துக்கொண்டிருந்தவர் அல்லவா! கட்டிலை இழுத்து விறாந்தையில் போட்டார். அகராதிகளைச் சுமந்து அடுக்கினார். இடுப்புச் சாரத்தை மடித்துக்கட்டி, கூரையையே பார்த்தபடி மேசனுக்காகக் காத்திருந்தார். ஊருக்கெல்லாம் பல்லி குறி சொல்லுமாம், தான் மட்டும் கஞ்சிப் பானைக்குள் விழுமாம்.

ஷரீப் படியேறி வந்து வாயைப் பிளந்தார். “என்ன மாஸ்டர், இன்னும் போகல்லியா? மனிசி வாராங்கண்டு ரூமக் கழுவுறீங்களா?”

“மனிசியோ?”

“வவுனியால இரிந்து பேசினாங்களே! பாஸ் கிடச்சிட்டு, ரயில்ல வாராங்கண்டு எழுதி வச்சேனே!”

மாஸ்டருக்குத் தலைகால் தெரியவில்லை. சாரத்துக்கு மேலே களிசானைக் காலில் மாட்டி, பிறகு சாரத்தை உருவி எறிந்து, சேட்டின் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு கடற்கரையோர ஸ்ரேசனுக்கு ஓடினார். நகரத் தொடங்கியிருந்த ரயிலில் தொங்கி ஏறினார். “ஆண்டவா, அவள் ஸ்ரேசனுக்கு வெளியில வந்திடக்கூடாது” என்று வழிநெடுக வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் கொடுத்தார்கள்.

கோட்டையில் வவுனியா ரயில் வந்து வெறுமையாக நின்றது. வாசலில் பொலிஸ்காரி ஒருத்தி பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெலிந்து கறுத்து, ஜெகதீஸ்வரி!

“மகே நோனா! என்னுடைய மனிசி!” இரண்டு பாஷையிலும் கத்திக்கொண்டு பாய்ந்தார். அடையாள அட்டையை நீட்டினார், பதிவுத் துண்டை நீட்டினார், கேளாத கேள்விக்கும் பதில் சொன்னார். பொலிஸ்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் போகவிட்டாள்.

வெளியே வந்ததும் மாஸ்டர் ஜெகதீஸ்வரியின் கையிலிருந்த பாஸைப் பறிக்காத குறையாக வாங்கினார். திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு கிழமைக்கு, ஏழே நாளுக்குத்தான் அனுமதி. திரும்பிப் போகாவிட்டால் முகாமில் பிணை நின்ற அவளுடைய அண்ணனைப் பிடிப்பார்களாம். அதைப் படித்தும் அவருடைய வாய் ஓயவில்லை. மேசன் கதையைச் சொன்னார், ஒல்லாந்தனைச் சொன்னார், லத்தீனுக்குத் தாவினார்.

ஜெகதீஸ்வரி மெல்ல அந்தக் கடதாசியை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

“இதைப் பாத்தது போதும். என்னைப் பாருங்கோவன்.”