ஒருவரைக் கேட்டேன், ஊரே எழுதியது

போன வருடம் ஆடி மாதம், எங்கள் ஊரான கரம்பொனில், வீட்டில் நடந்தது இது. நான் தோட்டம் செய்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் மின்னஞ்சல் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். மகள் தந்த மடிக்கணினியில் அதை வாசிப்பது எனக்குப் புதுப் பழக்கம்.

ஒரு வியாழன் மாலை, கனடாவிலிருந்து முன்பின் அறியாத ஒரு தாய் குழுவுக்கு எழுதியிருந்தார். மறுநாள் தன் சின்ன மகனுக்கு இருதய சத்திரசிகிச்சையாம். அதற்கு முன் ஊர் அம்மனுக்கு யாராவது அர்ச்சனை செய்விப்பீர்களா என்று. மனம் கேட்கவில்லை. "நான் செய்விக்கிறன் பிள்ளை, பெயர் நட்சத்திரம் எழுதும்" என்று பதில் அனுப்பினேன்.

விடிய எழும்பித் திறந்தால் பெட்டி நிரம்பிக் கிடக்கிறது. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகளின் கலியாணம், ஒருவருக்கு விசா. எல்லாரும் பெயரும் நட்சத்திரமும் அனுப்பியிருக்கிறார்கள்! அந்தத் தாயின் பதிலை மட்டும் காணவில்லை. காலைப் பூசைக்கோ நேரமாகிறது.

கனடாவிலிருந்து குழுவை நடத்தும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். சிரி சிரியென்று சிரித்தார்.

"குழுக் கடிதத்துக்குப் பதில் அமத்தினா எல்லாருக்கும் போகும். நீர் ஊரையே கூப்பிட்டுப்போட்டீர். நானும் என்ரை ரத்தப் பிறசருக்கு அனுப்பினனான்!"

"பகிடியை விடுங்கோ அண்ணை. அந்தத் தாய்க்கு மட்டும் எழுதுறது எப்பிடி?"

அவர் சொல்லச் சொல்ல, அந்தத் தாயின் முகவரியைத் தனியே எடுத்து எழுதினேன். குழுவின் பெயரில் வருபவை தானாகவே வேறு பெட்டிக்குள் போய் விழவும் ஒழுங்கு செய்தோம். அத்தனை கடிதங்களும் கண் முன்னே இடம் மாறியதை வாயைப் பிளந்து பார்த்தேன். வெறுமையான பெட்டியில் சற்று நேரத்தில் ஒரேயொரு கடிதம் வந்தது. மகனின் பெயர், அனுஷ நட்சத்திரம். கீழே, "எல்லாரும் எழுதினதைப் பாத்து, என்ரை பிள்ளை அதுக்குள்ளை துலைஞ்சிடுவானோ எண்டு பயந்தனான் ஐயா."

கோவிலுக்கு ஓடினேன். முதலில் அவன் பெயர். நம்பி அனுப்பிய மற்றவர்களை எப்படி விடுவது? தாளில் எழுதிக்கொண்டு போனவற்றையும் நீட்டினேன்.

"என்ன, பிளேனிலை ஆக்களைக் கொண்டுவந்து இறக்கினனீரோ?" என்றார் ஐயர். ஆனாலும் ஒரு பெயரையும் விடாமல் சொன்னார்.

பிள்ளை சுகமாகி வீடு வந்துவிட்டதாகத் தாய் பிறகு எனக்கு எழுதினார். கடிதங்களைப் பிரித்து வைக்க இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அம்மன் முன் கண்ணை மூடி நின்றால், எந்தப் பெயரை ஒதுக்கி வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.