மிளகாய் நெடி என்று நான் சொன்ன இருமல்

இராமநாதபுரத்து மருத்துவமனை ஒன்றில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பலகையில் நானும் என் இளைய மகள் பவித்ராவும் அமர்ந்திருந்தோம். நோயென்று எவரும் வரவில்லை. உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் அவள், சியோல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பரிமாற்ற மாணவியாக (இங்குள்ள கல்லூரியிலேயே பெயர் இருக்க, அயல்நாட்டில் ஒரு பருவம் மட்டும் பயில்பவர்) தேர்வாகியிருந்தாள். விசாவுக்கு நெஞ்சுப் படம் கேட்டிருந்தார்கள். அரைமணி நேர வேலை என்றெண்ணி, திரும்பும் வழியில் அவளுக்குப் பயணப்பெட்டி வாங்கத் திட்டமிட்டிருந்தேன்.

மருத்துவர் எங்களை உள்ளே அழைத்தார். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு வெண்திட்டு இருப்பதைத் திரையில் காட்டினார். வீட்டில் எவருக்கேனும் நாட்பட்ட இருமல் உண்டா என்று வினவினார். இல்லை என்று சொல்ல வாயெடுத்த நான் இருமினேன். அவர் திரையை விட்டு என்னைப் பார்த்தார்.

"இது மிளகாய் நெடிங்க. எங்க வீட்டுல வருசா வருசம் வாரதுதான்."

"மிளகாய வித்தாச்சா?"

"வித்து நாப்பது நாளாச்சுங்க."

"அப்ப இது எந்த நெடி?"



குண்டு மிளகாய் விளைவிக்கும் எங்கள் ஊரில், மாசி பிறந்தால் எல்லா வீட்டிலும் இருமல் கேட்கும். அதனை எவரும் நோயாகக் கருதுவதில்லை. அவ்வாண்டு என் இருமல் அறுவடை முடிந்தும் நிற்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியபோதும் வெயிலைத்தான் குறை சொன்னேன்.

இருவரின் சளியையும் சோதித்தார்கள். இருவருக்கும் நுரையீரல் காசநோய் (நுரையீரலைத் தாக்கும் கிருமித் தொற்று, இருமும்போது காற்றில் பரவுவது). என் சளியில் கிருமி மிகுதி, அவளுடையதில் சொற்பம். உங்களிடமிருந்தே மகளுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் தணிந்த குரலில் சொன்னார்.

எங்கே வந்தது என்பது எனக்கு அக்கணமே விளங்கிவிட்டது. கடலின் ஈரக்காற்று பட்டால் மிளகாய் நிறம் மங்கும் என்று சரக்கு அறையின் கதவையும் சன்னலையும் அடைத்தே வைப்போம். அங்கே எதிரெதிரே அமர்ந்து காம்பு கிள்ளியபடிதான் அவள் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி செய்தாள். கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவாள். எழுத்துக் கூட்டி நான் வாசிப்பேன். விடை எனக்கு விளங்காது. அவள் தடுமாறுகிறாளா என்பதை மட்டும் கவனிப்பேன். அவற்றுள் ஒரு கேள்வி மூன்று வரி நீளம். அதன் பாதியில் எனக்கு இருமல் வந்துவிடும். அவள் தண்ணீர்ச் செம்புடன் அருகில் வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து நிற்பாள். அவளைத் தேர்வாக்கிய மாலைகளும் நோயாளியாக்கிய மாலைகளும் ஒன்றே.

பயணத்துக்கு ஆறு வாரங்களே இருந்தன. சிகிச்சைக்கோ ஆறு மாதம். அவள் போவதா, இருப்பதா என்பதே வீட்டின் பேச்சாயிற்று. உச்சிப்புளியிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு வழி சொன்னார். வேறொரு பெண்ணின் நெஞ்சுப் படத்தை இவள் பெயரில் எடுத்துக் கொடுத்துவிடலாம். மாத்திரையை அங்கே போய் விழுங்கட்டும் என்றார். நான் மறுக்கவில்லை. இதனை எழுத நாணுகிறேன். ஆயினும் இதே நிலையில் உள்ள குடும்பத்தார் இதனை வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். மகளிடம் அவ்வழியை எடுத்துரைத்ததும் நானே.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அங்கன வகுப்புல உக்காந்து நா இருமுனா என்னன்னு சொல்லட்டும்ய்யா? மிளகாய் நெடின்னா?"

மைத்துனர் வந்த வழியே சென்றார். அவள் பல்கலைக்கழகத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். பத்து நாட்கள் சென்று பதில் வந்தது. சிகிச்சையை முடித்ததற்கும் சளியில் கிருமி இல்லை என்பதற்கும் சான்று தந்தால், அடுத்த பருவத்தில் இடம் உண்டு.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று (மருந்தின் நிறமே அது, அஞ்ச வேண்டியதில்லை). முதல் மாதம் குமட்டலும் மூட்டுவலியும் இருவரையும் வருத்தின. ஒரே குடத்துத் தண்ணீரில் விழுங்கினோம், பேச்சு இல்லை. கேட்டதற்கு விடை தருவாள், அவ்வளவே. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. பசி வந்தது. ஐப்பசியில் விதைப்பு நெருக்கடி. உடம்பு தேறிவிட்டது என்ற துணிவில் மூன்று நாள் மாத்திரையை விட்டுவிட்டேன். மாதந்தோறும் வரும் சுகாதாரப் பணியாளர் அம்மா, மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மாத்திரையையும் விதைச்சுட்டீகளா?" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். பவித்ரா சிரிக்கவில்லை. அவர் சென்றபின் என்னிடம் வந்து நின்றாள்.

"பாதியில விட்டா மருந்துக்கு அடங்காத கிருமியா திரும்புமாம். நா இந்த வீட்டுலதான மூச்சு விடுறேன்? ஒங்களுக்கு விட்டுப்போனா எனக்கும் விட்டுப்போன மாதிரிதான்ய்யா."

நீண்ட நாட்களுக்குப் பின் அவளாக வந்து பேசிய பேச்சு அது. அதன்பின் ஒரு நாளும் நான் தவறவில்லை. மாத்திரையை அவள் எனக்கு எடுத்துத் தருவாள். நான் அவளுக்கு எடுத்துத் தருவேன்.

தை மாதத்தில் இருவருக்கும் சான்று கிடைத்தது. மாசியில் அவளை விமானம் ஏற்றினோம். அங்கே மீண்டும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். படத்தில் ஏதோ தெரிகிறது, கோப்புடன் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்த பின், கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டே அன்று முழுதும் இருந்தேன். மாலையில் அழைத்தாள். "ஆறுன தழும்புதான்னுட்டாகய்யா. வகுப்புக்குப் போகலாம்." எங்களுக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு. அன்றுமுதல் கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு மணியும் சேர்ந்தே என் மனத்தில் ஓடுகின்றன.

இப்போது மறுபடியும் மிளகாய் வந்திருக்கிறது. சரக்கு அறையின் சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். நிறம் சற்று மங்குகிறது, மங்கட்டும். சென்ற வாரம் நெடியில் இருமினேன். நாள்காட்டியில் ஒரு கோடிட்டேன். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. இரண்டு வாரம் தாண்டினால் சளியைக் காட்ட வேண்டும். அதுவரை எண்ண வேண்டும். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இருமிய நான் அதனை நாட்கணக்கில் எண்ணத் தொடங்கியது இப்போதுதான்.

நேற்றுப் பிற்பகல் அவள் காணொளியில் அழைத்தாள். அங்கே பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் வகுப்பில் பேச வேண்டும், பழைய தாளை எடுத்துக் கேள்வி கேளுங்கள் என்றாள். களத்தில் அமர்ந்து வாசித்தேன். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லுமுன் எழுந்துபோய்ச் சன்னலைச் சிறிது திறந்தாள். அறைத்தோழி அவர்கள் மொழியில் ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

"குளிரலையா ஆத்தா?"

"குளிருதுய்யா. ஒரு சாண் தொறந்திருந்தாத்தான் எனக்குப் பேச வருது. நீங்க அடுத்ததக் கேளுங்க."

அடுத்தது அந்த மூன்று வரிக் கேள்வி. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரே மூச்சில் அதனை வாசித்து முடித்தேன்.