தைல மரத்தடியில் கிடந்த வளையம்

என் தம்பி ஷமீல் இரவு முழுக்க ரொட்டிக்கடை அடுப்பில் நிற்பவன். விடிந்து வீடு வந்ததும் படுக்க மாட்டான். கொல்லையில் வளர்க்கும் பந்தயப் புறாக்களைத் திறந்துவிட்டு, கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தபடி நிற்பான். எங்கள் புறநகரான மிட்செல்ஸ் பிளெயினில், தெரு ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் புறாவின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் வெந்நீரில் கழுவுகிறவன் அவன் ஒருவன்தான். அவன் அக்கா என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

போன வருடம் அவனுடைய சாம்பல் நிறப் பெட்டை வீடு திரும்பவில்லை. கடைசியாக அது பக்கத்து வீட்டு முனீப் அண்ணன் கூரையில் இறங்கியதை அவன் பார்த்திருந்தான். வழிதவறி வந்த புறாவை, காலிலுள்ள எண் வளையத்தைப் பார்த்து உரியவனிடம் சேர்க்காமல் அடைத்துக்கொள்வதைவிடப் பெரிய இழிவு எங்கள் புறாச் சங்கத்தில் கிடையாது. வெள்ளிக்கிழமை, சங்கத்தில் பந்தயத்துக்குப் புறாக்களைக் கூடைகளில் அடைக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

“எம் புறாவ என்ன அண்ணே பண்ணினீங்க?”

முனீப் அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். பிறகு அவர் புறா விடவே இல்லை. ஞாயிறு காலையில் சுவர் தாண்டிப் போய்வந்த கூசிஸ்டர் பலகாரத் தட்டும் நின்றது.

இந்த மாதம், அவன் கண்ணெதிரே, ஒரு கருவல்லூறு வெயிலுக்குள்ளிருந்து பாய்ந்து ஒரு புறாவை அடித்துத் தூக்கியது. கூண்டு திறக்கும் நேரத்தை அது படித்து வைத்திருந்தது. அது போன திசையில் ஷமீல் தூக்கக் கலக்கத்தோடு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள தைல மரங்கள் வரை நடந்தான். மேலே வல்லூறின் கூடு. கீழே இறகுகள், எலும்புகள், வளையத்தோடு கால்கள்.

அன்று மாலை ஒரு வளையத்தை மேசைமேல் வைத்தான். சாம்பல் பெட்டையின் எண்.

“பயந்துதான் அவர் கூரையில ஒண்டியிருக்கு அக்கா. கிளம்புனதும் வல்லூறு அடிச்சிருக்கு.”

“யாருக்குத் தெரியப்போகுது? தூக்கிப் போட்டுடேன்,” என்றேன். சோதிக்கத்தான்.

“என்னைப் பாத்தா அவரு தெருவ மாத்தி நடக்கிறாரு. ராத்திரி வேலையவிட அதுதான் அலுப்பா இருக்கு.”

வெள்ளிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று வளையத்தைக் காட்டினான்.

“எடுத்தது வல்லூறு. நாந்தான் மனுஷன்மேல பழி போட்டேன்.”

“அப்ப வல்லூற சங்கத்துலேர்ந்து நீக்கிடுவோமா?” என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேரே முனீப் அண்ணன் வாசலுக்குப் போனான். அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“புறாவெல்லாம் குடுத்துட்டேம்பா. கூண்டுல இப்ப பழைய சைக்கிள்தான் கிடக்கு. போ, உனக்கு வேலைக்கு நேரமாச்சு.”

கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிறு காலை, சுவர்மேல் துணி மூடிய தட்டு ஒன்று இருந்தது. ஓரம் உடைந்த நீலத் தட்டு, எங்களுடையது. சண்டை வந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே தங்கிவிட்டது. எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை; கேட்டால் எதையாவது வைத்துத்தான் தர வேண்டியிருக்கும் என்று நானும் கேட்கவில்லை. திறந்தேன். கூசிஸ்டர்மேல் தேங்காய்ப்பூ இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

ஷமீல் கூண்டருகே நாற்காலியிலேயே உறங்கிப்போயிருந்தான். வல்லூறு வரும் நேரம் கழியட்டும் என்று புறாக்களை இன்னும் திறக்கவில்லை. தட்டை அவன் பக்கத்தில் வைத்தேன். எழுப்பவில்லை.