நீலத்துணி கட்டிய கதவு

எங்கள் அப்பா பகலில் தூங்குகிறவர் என்பது ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்குப் பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் காலையில் தலை வாரி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்கள். எங்கள் அப்பா மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், நைட் ஷிப்ட் முடிந்து, அதே நேரத்தில் எண்ணெய் வழியும் முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவார். ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகளின் காலம் அது. சிங்காரப்பேட்டைப் பக்கத்து மானாவாரி நிலத்தை விட்டுவிட்டு வந்து, லாரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்திருந்தார். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் கன்பார்ம் செய்வார்கள், இல்லாவிட்டால் வெளியே. அந்த ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

நாங்கள் இருந்தது எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் வீடு. மேலே சிமெண்ட் ஷீட். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே அப்பளம் சுடலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் நின்று சண்டை போடும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எட்டு வீடும் ஒற்றுமை. எந்த வீட்டு ஆள் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறாரோ அந்த வீட்டு நாதாங்கியில், பழைய யூனிபாரத்தில் கிழித்த ஒரு நீலத்துணி கட்டியிருக்கும். அதைப் பார்த்தால் காய்காரர் கூவாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பெண்கள் குடத்தைப் பூப்போல இறக்கி வைப்பார்கள். பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்த்தான் விளையாட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அப்பா சாயங்காலம் ஐந்து மணி வரை புரண்டால்தான் நாலு மணி நேரமாவது கண் மூடுவார். ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு, வாய் திறந்து, லுங்கி விலகியதுகூடத் தெரியாமல் கிடப்பார்.

“ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரின்னு மாத்திக்கினே இருந்தா ஒடம்புக்கு எது ராத்திரின்னு எப்படித் தெரியும்?” என்று அம்மா கம்பெனிக்காரர்களைத் திட்டுவாள். அவள் ஊதுவத்தி உருட்டும் வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள்.

என் வகுப்பில் பேங்க் அதிகாரியின் மகள் ஒருத்தி இருந்தாள். பகலில் தூங்கும் ஆண்கள் ஒன்று குடிகாரர்கள், இல்லை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று அவள் வீட்டில் சொல்வார்களாம். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை, கணக்கு நோட்டு வாங்க எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் மூச்சிரைக்க முன்னால் ஓடிவந்தேன். கதவில் என்ன துணி என்று கேட்பாளே என்று அதை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அத்தை வெறுங்கதவைப் பார்த்துவிட்டு, வறுத்து வைத்திருந்த மிளகாயை உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினாள். சுவர் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் தோழி வந்து, என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“யாருடி அது? ஒங்கப்பாவா?”

“இல்லடி, ஊத்தங்கரையில இருந்து வந்த சித்தப்பா. ஒடம்பு சரியில்ல. எங்கப்பா கம்பெனிக்குப் போயிருக்காரு.”

அப்பா இரண்டு கை தூரத்தில் படுத்திருந்தார். கண்மேல் ஈரத்துண்டு. அசையவே இல்லை. நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வருவதற்குள் துணியை மறுபடி கட்டியும் விட்டேன்.

மறுநாள் அறிவியல் நோட்டும் வேண்டும் என்று அவள் என்னோடு வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். குளித்து, தலை வாரி, தீபாவளிச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருந்தார். கண் மட்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “இதான்டி எங்கப்பா” என்றேன்.

அவள் மரியாதையாக, “சித்தப்பாவுக்கு ஒடம்பு எப்படி இருக்குது அங்கிள்?” என்று கேட்டாள்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். “தேவலம்மா. காலையிலதான் பஸ் ஏத்தி உட்டுட்டு வந்தேன்” என்றார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் பள்ளியிலிருந்து வரும்போது அப்பா அதே நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். தோழிகளை வேண்டுமென்றே எங்கள் வழியாகக் கூட்டிவந்தேன்.

சனிக்கிழமை காலை அவர் வர நேரமானது. ஓடும் பிரஸ் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாராம். பக்கத்து மெஷின்காரர் பிடித்து இழுத்ததில் கை தப்பியது, வேலை தப்பவில்லை.

அம்மாவுக்குத் திங்கட்கிழமை மிளகாய் இடித்த செய்தி எப்படியோ எட்டியிருந்தது. நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“எங்கூட்டுச் சோத்துல மண்ணு போட்டியேடி!”

“பட்டெ கட்டிர்லில்லா அக்கா! கதவுல துணி இல்ல. இருந்தா நான் இடிப்பனா?”

“எங்கையால கட்டிட்டுப் போனேன். பொய் சொல்லாத!”

அத்தை அழுதாள். பிரசவத்துக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்பாதான் உள்ளேயிருந்து, “அவங்கள ஒன்னும் சொல்லாத, எனக்குத்தான் தூக்கம் புடிக்கல” என்றார். அதற்குப் பிறகு அத்தை எங்களோடு பேசவே இல்லை. அப்பாவுக்குக் கடைசியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அது மட்டும் நிரந்தரம், நைட் ஷிப்டும் சேர்த்து.

இன்று நான் நர்ஸ். நைட் டூட்டி முடித்துப் பகலில் படுத்தால் எதிர்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று சொல்லிவிடுவேன். மூடிய கதவுக்கு அப்பால் என் பையன் நண்பர்களிடம் தாழ்ந்த குரலில் பேசுவதுகூட ஒன்று விடாமல் கேட்கிறது. அப்படி ஒரு மத்தியானம்தான் எனக்கு உறைத்தது, அன்று ஈரத்துண்டுக்கு அடியில் அப்பா தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று. அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருடமும் ஒருநாள் துணியை அவிழ்த்ததுதான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். மீதி நான்கு நாளும் கதவில் துணி கட்டித்தான் இருந்தது, லைன் முழுக்க அமைதியாகத்தான் இருந்தது. மூன்றரை மணிக்கு அவரை யாரும் எழுப்பவில்லை, எனக்காக அவராகவே எழுந்திருக்கிறார். அப்பா சீக்கிரம் எழுந்து பழகிவிட்டார் என்று அந்த வாரம் எனக்கு ஒரே சந்தோஷம்.