கொல்கத்தாவில் இறால் ரத்தம் எடுத்தேன்

சென்ற டிசம்பரில் நான் கொல்கத்தா போனது ஊர் பார்க்க அல்ல. நாகப்பட்டினம் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். இறாலின் ரத்தம் லேசான நீலம். அதிலுள்ள புரதம் உடையும்போது வரும் சில துண்டுகள் பாக்டீரியாவைக் கொல்லும். எங்கள் குளத்து இறாலில் கிடைத்த ஒரு துண்டு, வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமியையும் கொன்றது. ஆய்விதழுக்கு எழுதினேன். இந்த மாதிரிக் கல்லூரியின் முடிவை நம்ப முடியாது, பெரிய ஆய்வகத்தில் செய்து காட்டுங்கள் என்று பதில் வந்தது. கொல்கத்தாவில் ஒரு பெரிய ஆய்வகம் வரச் சொன்னது. சரி, காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்குச் சுமார் 1,660 கிலோமீட்டர், ரயிலில் இருபத்தேழு மணி நேரம். மடியில் ஐஸ்பெட்டி, அதற்குள் எங்கள் இறாலிலிருந்து எடுத்த துண்டுகள் உள்ள குப்பிகள். கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில், திருநெல்வேலிக்காரர் செல்வம் அண்ணனின் டிபன் கடைக்கு மேலே அறை கிடைத்தது.

மறுநாள் ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி என் குப்பிகளைத் தொடக்கூட இல்லை. இதில் ஏதாவது மருந்தைக் கலந்திருக்க மாட்டீர்கள் என்று எப்படி நம்புவது என்று சிரித்தபடியே கேட்டார். குப்பிகளை அவர் எதிரிலேயே குப்பையில் போட்டேன். உங்கள் ஊர் இறாலை வாங்கி, உங்கள் மேசையில், நீங்கள் பார்க்கும்போதே எடுக்கிறேன் என்றேன். அவர் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார்.

செத்த இறாலின் ரத்தம் உதவாது. சந்தையிலோ எல்லாம் ஐஸில் கிடந்தன. செல்வம் அண்ணன் பாலிகஞ்ச் பக்கம் ஒரு மீன்காரரை 'தாதா', அதாவது அண்ணன், என்று கூப்பிட்டு வங்காள மொழியில் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தாதா நாளைக்கு உசுரோட கொண்டாந்துருவாரு. நீங்க வாளி மட்டும் எடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றார்.

காலையில் வாளித் தண்ணீரில் வரி இறால்கள் துள்ளின. ஊசியால் ரத்தம் எடுத்து, புரதத்தைப் பிரித்து, துண்டுகளை வடித்தெடுக்க நான்கு நாள் ஆனது. கிருமி பரப்பிய தட்டுகளில், மருந்து எதுவும் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டை அவரையே தயாரிக்கச் சொன்னேன். மறுநாள் அது முழுக்கக் கிருமி மண்டியிருந்தது. என் சொட்டு விழுந்த தட்டில் மட்டும் கண்ணாடிபோல ஒரு வட்டம். இன்னொரு வகைக் கிருமியிடம் பலிக்கவில்லை. அதையும் மறைக்காமல் குறித்துக்கொண்டேன்.

அவர் வெகுநேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தன் ஆய்வகப் பெயரை முதலில் போட்டால் எந்த இதழும் ஏற்கும் என்று கனிவாகவே சொன்னார். அதில் பொய்யில்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

"உங்களுக்கு நன்றின்னு கண்டிப்பா எழுதுவேன், சார். பேரு எங்க காலேஜோடதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கட்டுரையை அதே ஆய்விதழுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் வேறு இதழ் இருக்கிறது.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் போங்கள், மாதிரி கெடாது. உயிருள்ள இறாலுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள். சந்தேகப்படுகிறவர் கையாலேயே ஒப்பீட்டுத் தட்டை வைக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் யாரிடம் போய்ச் சந்தேகப்படுவார்?